பேராலயமும் தரிப்பிடமும்: கொட்டாஞ்சேனைக்குச் சென்ற வழிகள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவ்வூரின் கோயில்களையும் மாளிகைகளையும் பற்றி விரிவாக எழுதுவர். அக்கோயில்களுக்கு மக்கள் எவ்வழியாக வந்தனர், வந்தவர் தம் வண்டிகளை எங்கே நிறுத்தினர், எவ்விடத்திலிருந்து நடந்து சென்றனர் என்பன பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கட்டடம் வரலாறு என்றும், வழி வெறும் வசதி என்றும் கருதும் மனப்பான்மையே இதற்குக் காரணமாகும். இம்மனப்பான்மை பொருத்தமற்றது என்பதைக் கொழும்பு மாநகரின் வடபகுதியிலுள்ள கொட்டாஞ்சேனையைச் சான்றாகக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டாஞ்சேனையை ஒரு பேராலய நகர் எனக் கூறுதல் மிகையன்று. கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலான புனித லூசியாள் பேராலயம் இங்கேயே உள்ளது. அதற்கு மேற்கே, துறைமுகத்தை அண்டிக் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளது. அதன் அயலிலே பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கருங்கற் கட்டடமாக எழுந்து நிற்கின்றது. தீபதுத்தாராமய விகாரையும், ஒல்லாந்தர் எழுப்பிய வொல்வெண்டால் தேவாலயமும், செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களும், பள்ளிவாசல்களும் அரைமணி நேர நடைக்குள் அடங்கிவிடுவன. இத்துணை வழிபாட்டிடங்கள் இத்துணை நெருக்கமாக அமைந்த பகுதி இலங்கையில் வேறு அரிது.

ஆயினும், மாணவர்களையோ யாத்திரிகர்களையோ ஏற்றிக்கொண்டு இப்பகுதிக்குள் நுழையும் பெரிய பேருந்து ஒன்றின் சாரதி முதலிற் கேட்கும் வினா வழிபாட்டைப் பற்றியதன்று. 'வண்டியை எங்கே நிறுத்துவது?' என்பதே அவர் வினா. இரு மருங்கும் கடைகள். துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் பாரவூர்திகள். ஒரு வழிப் போக்குவரத்து. நிறுத்தத் தடை அறிவிப்புகள். அவ்வினாவுக்கு விடை காண முயலும்போது இவ்வூரின் நானூறு ஆண்டு வரலாறும் நம்முன் வந்து நிற்கின்றது. அதனை வரிசையாக நோக்குவோம்.

தங்கலும் தரித்தலும்

இலங்கைத் தமிழில் வாகனம் நிறுத்துமிடத்தை நாம் 'தரிப்பிடம்' என்கின்றோம். தரித்தல் என்பது நின்று தங்குதலைக் குறிக்கும். வழிச்செல்வோர் தரித்து நிற்பதற்கு இடமமைத்தலை நம் முன்னோர் அறமெனக் கொண்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளிலே மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் ஆகியன ஒருங்கே அமைந்திருப்பதை இன்றும் சிற்சில இடங்களிற் காணலாம். மடம் மனிதனுக்கு நிழல் தந்தது. கேணி நீர் தந்தது. சுமைதாங்கி தலைச்சுமையைத் தான் ஏற்றது. ஆவுரோஞ்சிக்கல் மாட்டின் உடற்றினவைத் தீர்த்தது. கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தின் ஊடாக வீதியே செல்கின்றது. வழியையும் தங்குமிடத்தையும் வேறு வேறாகப் பாராத மனநிலையின் சின்னமாக அதனைக் கருதலாம். இறைவனின் தேருக்கும் நாம் ஒரு தரிப்பிடம் வைத்தோம்; அதனைத் தேர்முட்டி என அழைத்தோம்.

மேலைநாட்டுப் பேராலய நகர்களிலும் இதற்கு ஒப்பான அமைப்பு நிலவியது. இங்கிலாந்தின் கன்ரபரியில் 1170ஆம் ஆண்டில் தோமஸ் பெக்கற் கொலையுண்ட பின்னர் அப்பேராலயம் பெரும் யாத்திரைத் தலமாயிற்று. யாத்திரிகர் மதிலின் வாயிலூடாக நகருள் நுழைந்தனர். குதிரைகளைச் சத்திரங்களிற் கட்டினர். பின்னர் ஒடுங்கிய தெருக்கள் வழியே கோயிலுக்கு நடந்தனர். மோட்டார் வாகனங்கள் பெருகிய பின்னர் இத்தகைய பழைய நகர்கள் பெருஞ் சிக்கலுக்கு உள்ளாயின. மாட்டுவண்டிக்கும் குதிரைக்கும் அமைந்த தெருக்களிற் பெரிய பேருந்துகள் நுழைய இயலவில்லை. ஆகவே வாகனங்களை நகர்ப்புறத்தில் நிறுத்திவிட்டு, மக்களை வேறு பேருந்தில் உள்ளே அழைத்துச் செல்லும் முறை தோன்றியது. ஒக்ஸ்பேட் நகரில் அது 1973ஆம் ஆண்டிலேயே நிலையான ஏற்பாடாக அமைந்துவிட்டது.

கன்ரபரிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே பேராலயம் மதிலுக்கு உள்ளே இருந்தது. வண்டிகள் வெளியே நின்றன. இங்கோ பேராலயமே மதிலுக்கு வெளியே, வண்டிகளும் தோணிகளும் நின்ற இடத்திலே பிறந்தது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாது கொட்டாஞ்சேனையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

மதிலுக்கு வெளியே

1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் கொழும்பிலே கோட்டையும் மதில் சூழ்ந்த நகரும் அமைத்தனர். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியபின் கோட்டை சுருங்கியது. அதற்கு வெளியே கிழக்குப் பக்கமாக அமைந்த நகர்ப்பகுதி புறக்கோட்டை எனப்பட்டது. அதற்கும் அப்பால், வடகிழக்கே, மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலமே கொட்டாஞ்சேனை. அதன் பெயரிலுள்ள சேனை என்னும் சொல்லும், சிங்களத்தில் அவ்வூர்ப் பெயரின் இறுதியில் வரும் ஹேன என்னும் சொல்லும் காடு வெட்டிப் பயிரிட்ட நிலத்தையே குறிப்பன.

ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அரசின் ஆதரவு பெற்ற சீர்திருத்தத் திருச்சபைக்குப் புறக்கோட்டைக்கு அருகே உயர்ந்த மேட்டில் வொல்வெண்டால் தேவாலயம் எழுந்தது. 1749இல் தொடங்கிய அதன் பணி 1757இல் நிறைவெய்தியது. தடைசெய்யப்பட்ட சமயத்தவரோ நகரின் ஓரங்களிலே ஒதுங்கினர். கோவாவிலிருந்து வந்த ஓரற்றோரியன் சபைத் துறவிகள் வணிகராகவும் கூலியாளராகவும் வேடந்தாங்கி இரவிலே வழிபாடு நடத்தினர் என்பது வரலாறு. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு வணிகர் வேடத்திற் கடற்கரையை அண்டி வாழ்ந்தார் என்றும், கடலரிப்பால் வருந்திய மீனவர் அவரை நாடினர் என்றும் கொச்சிக்கடைத் திருத்தலத்தின் மரபு கூறும். கொச்சிக்கடை என்னும் பெயரும் கொச்சியிலிருந்து வந்தோரின் கடையைக் குறிப்பதாகவே கொள்ளப்படுகின்றது.

கொட்டாஞ்சேனையில் 1760ஆம் ஆண்டளவில் ஓலை வேய்ந்த சிறு கோயில் ஒன்று இருந்தது. 1782ஆம் ஆண்டளவில் அது செங்கற் கட்டடமாயிற்று. இவ்விடம் தேர்ந்துகொள்ளப்பட்டமைக்கு வழிகளே காரணம் எனத் துணியலாம். மேற்கே கடற்றுறை, வடக்கே களனி ஆறு, தெற்கே புறக்கோட்டைச் சந்தை. வடக்கிலிருந்து கொழும்புக்கு வருவோர் களனி ஆற்றைக் கடந்த தோணித்துறையைப் போர்த்துக்கேயர் பெருந்துறை எனும் பொருளிலே பெயரிட்டனர். அப்பெயரே இன்று கிராண்ட்பாஸ் என வழங்குகின்றது. தோணியிலிருந்து இறங்கியவரும், தோணிக்குக் காத்திருந்தவரும், சரக்கு இறக்கிய வண்டிக்காரரும் தரித்து நின்ற பகுதி இது. அந்நியர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தால் எவரும் ஐயுறாத இடமும் இதுவே. மறைந்து வாழ்ந்த குருவுக்கு அத்தகைய இடமன்றோ வேண்டும்!

பாலமும் பாதையும்

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றினர். 1806ஆம் ஆண்டில், தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில், கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. அதுவரை மறைவில் இருந்த சமயம் வீதிக்கு வந்தது. கொச்சிக்கடையில் இன்றுள்ள கோயிலின் பணி 1828இல் தொடங்கி 1834இல் நிறைவுற்றது. அதே 1834இல் இலங்கை கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சிப் பகுதியாயிற்று. கொட்டாஞ்சேனைக் கோயில் பின்னர்ப் பேராலயமாக உயர்ந்தது. இன்று நாம் காணும் பெருங் கட்டடம் 1870களில் ஆயர் சிலானி காலத்திலே தொடங்கப்பெற்றது. பல ஆண்டுப் பணியின் பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுமை எய்தியது.

ஏனைய சமயத்தவரும் இக்காலத்திலேயே இப்பகுதியில் நிலைகொண்டனர். ஜிந்துப்பிட்டியிலே தமிழ் பேசும் அங்கிலிக்கருக்கென 1815இல் புனித தோமையார் தேவாலயம் எழுந்தது. அங்கிலிக்கரின் முதற் பேராலயமும் அருகிலுள்ள முகத்துவாரத்திலேயே, 1850களில், ஆயர் சப்மன் காலத்திலே கட்டப்பட்டது. பொன்னம்பல முதலியார் 1850களிற் கொச்சிக்கடையிற் சிவன் கோயிலை நிறுவினார். அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை அதனைக் கருங்கல்லாற் புதுக்கினார்.

கோயில்கள் பெருகியது போன்றே வழிகளும் பெருகின. 1822இல் களனி ஆற்றின் குறுக்கே படகுகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேற் பலகை பரப்பிய படகுப் பாலம் அமைந்தது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கண்டிக்கு வீதி சமைத்தார். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைகள் பூட்டிய அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. படகுப் பாலத்தின் இடத்தை 1895இல் இரும்பாலான விக்ரோறியாப் பாலம் பெற்றது. இவ்வாறு கண்டியிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வரும் வண்டிகள் யாவும் கிராண்ட்பாஸ் வழியே இறங்கிக் கொட்டாஞ்சேனையின் ஓரமாகப் புறக்கோட்டையை அடைந்தன. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக வீதியும் பேலியகொடையில், இப்பழைய ஆற்றுத்துறைக்கு அண்மையிலேயே வந்து முடிகின்றது. கருவிகள் மாறின, வாயில் மாறவில்லை.

துறைமுகமே இப்பகுதியின் தலைவிதியை மாற்றியது. 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் முற்றுப்பெற்றது. அதுவரை செல்வந்தரின் தோட்ட வீடுகள் நிறைந்திருந்த கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் பண்டகசாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் மிக்க பகுதிகளாயின. செல்வந்தர் கறுவாத்தோட்டத்தை நாடினர். தூத்துக்குடியிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் இங்கே குடியேறினர். கொட்டாஞ்சேனையின் தமிழ்ச் சமூகம் இத்தரிப்பிடத்தில் இறங்கியோரின் வழிவந்ததே எனலாம்.

யார் வீதி?

வழி என்பது வசதி மாத்திரமன்று, உரிமையுமாகும் என்பதைக் கொட்டாஞ்சேனை 1883ஆம் ஆண்டிற் கற்றது. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையிற் புதிதாக அமைந்த புத்தர் திருவுருவத்தை முன்னிட்டுப் பல நாட்கள் விழா நடந்தது. பல இடங்களிலிருந்தும் பெரகராக்கள் வந்தன. 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, பொறளையிலிருந்து வந்த பெரகரா புனித லூசியாள் பேராலயத்தை அண்டிய வீதியை நெருங்கியபோது கத்தோலிக்கக் கும்பலொன்று அதனைத் தாக்கியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். இரு கோயில்களும் நூறு ஆண்டு நின்றாலும் இம்மோதல் கட்டடங்களால் விளைந்திராது. இரண்டுக்கும் பொதுவான வீதியே அதன் களமாயிற்று. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஒலியோடு, யார் அவ்வீதியாற் செல்லலாம் என்பதே அன்றைய வினா.

இதன் விளைவு இலங்கை வரலாற்றிற் பெரிது. நீதி கிடைக்கவில்லை எனக் கருதிய பௌத்தர் 1884இல் கேணல் ஒல்கொற்றை இலண்டனுக்கு அனுப்பினர். 1885இல் வெசாக் தினம் அரச விடுமுறையாயிற்று. அவ்வாண்டு வெசாக் நாளில் பௌத்தக் கொடி தீபதுத்தாராமயவிலே ஏற்றப்பட்டது. பௌத்த மறுமலர்ச்சியின் முக்கியமான மைல்கற்களில் ஒன்று பேராலயத்துக்கு அருகே, ஒரு வீதித் தகராற்றின் பின்னே நாட்டப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது. 1915இல் கண்டியிலே பள்ளிவாசலின் முன்னாற் சென்ற ஊர்வலம் பற்றிய பிணக்குப் பெருங் கலவரமாக விரிந்ததையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

இதே வீதிகள் இணைப்பையும் ஏற்படுத்தின. 1870களில் வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தால் கதிர்காம யாத்திரையை அரசு கட்டுப்படுத்தியது. இக்காலத்தில், 1874 தொடக்கம், கொழும்பிலேயே ஆடிவேல் விழா நிலைபெற்றது என்பர். தொலைவழி அடைபட்டபோது மக்கள் நகர வீதியையே யாத்திரைப் பாதையாக்கினர். செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து புறப்படும் வேல் இரதம் காலிமுகத்தைக் கடந்து, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளிலுள்ள கோயில்களை அடையும். வட கொழும்புத் தமிழரையும் தென் கொழும்புத் தமிழரையும் ஆண்டுதோறும் இணைத்த பாதை அது. வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல் அமைத்தோருள் பிற இனத்தவரும் பிற சமயத்தவரும் இருந்தனர்.

டிராம் வண்டியிலிருந்து பேருந்துக்கு

1899இல் கொழும்பில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை பொறளைக்கும் மற்றொன்று கிராண்ட்பாஸுக்கும் சென்றது. இரண்டாவது பாதை கொட்டாஞ்சேனையின் ஓரத்தைத் தொட்டது. திருக்கை வண்டியும் றிக்ஷாவும் அமர்த்த இயலாத தொழிலாளியும் சில சதத்துக்கு அதிற் பயணம் செய்யலாயினர். 1944இல் மாநகரசபை டிராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் மேற்கம்பி மின்சாரப் பேருந்துகள் வந்தன. டிராம் வண்டி 1960இலும் அப்பேருந்துகள் 1964இலும் மறைந்தன. இதற்கிடையே 1958 சனவரி முதலாந் திகதி பேருந்துச் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. 1979 முதல் தனியார் பேருந்துகளும் அனுமதிக்கப்பட்டன.

டிராம் வண்டிக்கும் பேருந்துக்கும் நம் பொருளுக்கு வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. டிராம் வண்டி தண்டவாளத்தைவிட்டு விலகாது. எனவே அதற்குத் தெருவில் தரிப்பிடம் வேண்டியதில்லை. பயணியை இறக்கிவிட்டு அது தன் வழியே செல்லும். யாத்திரிகரை ஏற்றிவரும் வாடகைப் பேருந்தோ அவர்கள் வழிபட்டு மீளும்வரை காத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளிலும், யூன் 13ஆம் திகதித் திருவிழாவிலும் கொச்சிக்கடைக்கு வரும் பெருங்கூட்டத்தை எண்ணிப் பார்ப்பின், இக்காத்திருப்பு எத்துணை இடத்தை வேண்டுவது என்பது புலனாகும். பொதுப் போக்குவரத்து மக்களைக் கொணர்ந்த காலத்தில் இவ்வூரின் ஒடுங்கிய தெருக்கள் போதுமாயிருந்தன. ஒவ்வொரு கூட்டமும் தன் வண்டியோடு வரத் தொடங்கியபோதே தெரு நிரம்பிற்று.

வடக்கிலிருந்து வருவோரின் பயணமும் மாறியது. 1905இல் யாழ்ப்பாணப் புகையிரதப் பாதை முழுமையுற்றதும் கரையோரக் கப்பலும் மாட்டுவண்டியும் தம் முதன்மையை இழந்தன. போர்க்காலத்தில் அப்பாதை சிதைந்தது. 2009இன் பின் வீதி மீண்டும் திறந்தபோது இரவுநேரச் சொகுசுப் பேருந்துகள் பெருகின. மாலையில் யாழ்ப்பாணத்தில் ஏறியவர் விடியற்காலையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் இறங்குவது வழமையாயிற்று. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

நிறுத்தம் அச்சமான காலம்

இனி நாம் கூற வேண்டியது மகிழ்ச்சிக்குரியதன்று. ஆயினும் வரலாற்று மாணவர் அதனைத் தவிர்த்தல் இயலாது.

1983 யூலை 24ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலின்போது கொழும்பு வீதிகளில் வாகனங்கள் மறிக்கப்பட்டன. உள்ளே இருப்பவர் தமிழரோ என வினவப்பட்டது. அன்று ஒரு வாகனம் நின்றது என்பதன் பொருள் வேறாயிருந்தது. அடுத்து வந்த கால் நூற்றாண்டிற் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சோதனைச் சாவடிகள் அன்றாட வாழ்வின் பகுதியாயின. வடக்கிலிருந்து வந்து விடுதியிற் தங்கியோர் பொலிசாரிடம் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2007 யூன் 7ஆம் திகதி புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய பகுதிகளின் விடுதிகளிலே தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர் பொலிசாரால் வெளியேற்றப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றித் தலைநகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அரசாங்கமும் வருத்தம் தெரிவித்தது. நம் மரபில் மடம் என்பது வழிச்செல்வோனை 'யார்?' எனக் கேளாது ஏற்பது. விடுதி என்பது அம்மடத்தின் நகர வடிவம். அவ்விடுதியிலிருந்து மனிதரை எழுப்பிப் பேருந்திலேற்றிய நிகழ்ச்சி, தரிப்பிடம் மறுக்கப்படுதல் யாது என்பதைச் சட்டநூல்களினும் தெளிவாக உணர்த்துகின்றது.

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடைத் திருத்தலம் தற்கொலைக் குண்டுதாரியாற் தாக்கப்பட்டது. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களும், கொழும்பில் விடுதிகளும் அதே நாளில் தாக்குண்டன. 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள், கொச்சிக்கடை ஆலயத்துக்கு அண்மையில் நிறுத்தப்பட்டிருந்த வான் ஒன்றிலிருந்த வெடிபொருளைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்தது. அந்நாள் முதல் கோயிலருகே ஆளின்றி நிற்கும் எந்த வாகனமும் ஐயத்துக்குரியதாயிற்று. தேவாலயங்கள் மீளத் திறந்தபோது அவற்றின் அண்மையில் வாகனம் நிறுத்தல் தடுக்கப்பட்டது. வந்தோரின் பைகள் சோதிக்கப்பட்டன. கொச்சிக்கடைத் திருத்தலம் 2019 யூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முந்திய நாள், மீண்டும் திறக்கப்பட்டது. 1883இல் வீதியிற் செல்லும் உரிமை வினாவாயிற்று. 2019இல் வீதியில் நிற்கும் வண்டியே அச்சமாயிற்று.

இன்று செல்வோர்க்கு

இவ்வரலாற்றை அறிந்தபின், பெரிய பேருந்தில் இப்பகுதிக்குச் செல்ல விழையும் மாணவர் குழு எவ்வாறு செல்லுதல் தகும் என்பதையும் கூறுதல் பொருத்தமாகும்.

பேருந்தைப் பேராலய வாயில்வரை கொண்டுசெல்ல முயல்வது வீண். வடக்கிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருவோர் பேலியகொடையிற் களனி ஆற்றைக் கடந்து கிராண்ட்பாஸ் ஊடாக வருவர். தெற்கிலிருந்து வருவோர் காலி வீதியாற் காலிமுகத்தைத் தாண்டிக் கோட்டையை அடைவர். எவ்வழியே வரினும், புறக்கோட்டைக்கு அண்மையில் இறங்கி, வண்டியைத் துறைமுகப் பகுதியின் நெரிசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு நடத்தலே நன்று. கொழும்பிலுள்ளோர் தனி வண்டி அமர்த்தாது பொதுப் பேருந்தில் வரலாம். காலி வீதியிலிருந்து மட்டக்குளிக்குச் செல்லும் 155ஆம் இலக்கப் பேருந்து வெள்ளவத்தையையும் வட கொழும்பையும் இணைப்பது.

புறக்கோட்டையிலிருந்து பேராலயம் நடந்து செல்லத்தக்க தொலைவிலேயே உள்ளது. பெரிய தெருவின் முடிவிலே பழைய மணிக்கூண்டைக் கண்டு, செட்டியார் தெருவிற் கதிரேசன் கோயில்களை வணங்கி, மேட்டில் ஏறி வொல்வெண்டால் தேவாலயத்தைப் பார்த்து, ஜம்பட்டா வீதி வழியே கொச்சிக்கடையை அடைந்து, சிவன் கோயிலையும் அந்தோனியார் தலத்தையும் தரிசித்தபின் தீபதுத்தாராமயவுக்கும் புனித லூசியாள் பேராலயத்துக்கும் செல்லலாம். நடந்து செல்வோனுக்கு மாத்திரமே இவை யாவும் ஒரே ஊர் என்பது புலப்படும். வண்டியிலிருந்து வண்டிக்கு ஏறி இறங்குவோனுக்கு அவை வேறு வேறு இடங்களாகவே தோன்றும். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களிலும் திருவிழாக் காலங்களிலும் குழுவாகச் செல்வோர் வழிபடுவோர்க்கு இடையூறாகாதவாறு நேரத்தைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

நகரத்தை ஆள்வோரும் செய்யத்தக்கது உண்டு. பேராலய நகருக்கு வருவோர்க்கென நகரோரத்திலே பேருந்துத் தரிப்பிடம் ஒன்றும், அங்கிருந்து உள்ளே செல்லச் சிற்றுந்துகளும் அமைத்தல் இயலாத காரியமன்று. அத்தரிப்பிடம் வெறுந் தரையாக இருத்தலாகாது. நிழல், குடிநீர், கழிப்பிடம், இருக்கை, மும்மொழியிலும் வழிகாட்டும் பலகை ஆகியன அங்கு வேண்டும். மடமும் கேணியும் சுமைதாங்கியும் அமைத்தோரின் வழிவந்தோர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஒரு சமயத்தவரின் தனிச் சொத்தாக அன்றி, நான்கு சமயத்தவர்க்கும் பொதுவாக அஃது அமைதல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. பொதுவான வீதியிலே பிணக்குத் தோன்றிய ஊரில், பொதுவான தரிப்பிடம் ஒன்று இணக்கத்துக்கு வழி செய்யும்.

முடிவாக, கொட்டாஞ்சேனையின் வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகின்றது எனலாம். முதலாவது, இப்பேராலய நகர் மதிலுக்கு வெளியே, துறையிலும் தெருவிலும் தரித்து நின்றோரால் உருவாயிற்று. இரண்டாவது, இங்கு தோன்றிய பெரும் பிணக்குகள் வழியிற் செல்லுதல், வழியில் நிற்றல் என்னும் இரண்டையும் பற்றியனவாகவே இருந்தன. மூன்றாவது, வந்தவன் அச்சமின்றித் தரித்து நிற்க இயன்ற காலங்களிலேயே இவ்வூர் செழித்தது. தோணித்துறையில் இறங்கிய கொச்சி வணிகனும், புகையிரதத்தில் வந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞனும், இரவுப் பேருந்தில் வந்து விடியலில் இறங்கும் இன்றைய மாணவனும் இவ்வூரிடம் வேண்டியது ஒன்றேயாகும். சுமையை இறக்கிவைத்துச் சற்றே நிற்க ஓரிடம் வேண்டும் என்பதே அது. அவ்விடத்தை மறுக்காத நகரே பேராலயத்துக்குத் தகுதியான நகராகும்.